வழுவைச் சுருக்குவதும் ஆய்வே

மென்பொருள் ஒன்று எதிர்பார்த்தபடி இயங்காதபோது மொழித்துறைகளில் எழும் முறையீடு பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது: "இது தமிழுக்கு ஒத்துவரவில்லை." தெலுங்குத் துறைக்குச் சென்றால் அதே வாக்கியம் தெலுங்கைப் பற்றிக் கேட்கும். சமற்கிருதத் துறையில் தேவநாகரியைப் பற்றிக் கேட்கும். முறையீடு உண்மையானது. ஆயினும் அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு உலகின் எந்த நிரலாளரும் ஒரு வரியைக்கூடத் திருத்த இயலாது. எந்த எழுத்து, எந்த இடத்தில், எந்தப் பதிப்பில், வேறு எவை உடன் இயங்கியபோது என்ற செய்திகள் எவையும் அதில் இல்லை.

வழுவை அறிவிப்போரிடம் நிரலாளர்கள் வழக்கமாகக் கேட்பது ஒன்றுண்டு. வழுவோடு தொடர்பில்லாத அனைத்தையும் நீக்கிவிட்டு, யார் செய்து பார்த்தாலும் அதே வழு மீண்டும் நிகழும் மிகச் சிறிய அமைப்பைத் தருமாறு அவர்கள் கேட்கிறார்கள். மனிதவியல் துறையினர் பலர் இதனைக் கணினிக்காரர்களின் சடங்கு என்றும், பயனர் மீது சுமத்தப்படும் கூலியில்லா வேலை என்றும் கருதுகின்றனர். இக்கருத்தில் பாதி நியாயம் உண்டு. அது பின்னர் பேசப்படும். ஆனால் மறுபாதி தவறானது. வழுவை அதன் மிகச் சிறிய வடிவுக்குச் சுருக்குவது மொழியாய்வின் அடிப்படை முறைகளுள் ஒன்று. அதைச் செய்யத் தேவையான அறிவும் பெருமளவு மொழித்துறைகளிடமே உள்ளது. ஆகையால் அப்பணியைத் தம் பணியாக ஏற்க வேண்டியவையும் மொழித்துறைகளே. பல எழுத்துமுறைகள் ஒரே மேசையில் புழங்கும் சித்தூர், திருப்பதிப் பகுதியின் பல்கலைக்கழகங்கள் இதைத் தொடங்குவதற்கு மிகவும் ஏற்றவை.

இப்பகுதியின் பெரும்பான்மை மொழியான தெலுங்கே இதற்குச் சிறந்த சான்றை வழங்கியுள்ளது. 2018 பிப்ரவரியில் தெலுங்கு எழுத்துக்கோவை ஒன்று உலகச் செய்தியாயிற்று. ஐஓஎஸ் 11.2.5 பதிப்பில் இயங்கிய ஐபோன்களில் அந்தக் கோவை திரையில் தோன்ற முயன்றவுடன் செயலிகள் முடங்கின. அது அடங்கிய குறுஞ்செய்தி வந்தால் செய்திச் செயலியை மீண்டும் திறக்கவே இயலாத நிலை ஏற்பட்டது. அறிவிப்புப் பகுதியில் தோன்றினால் கருவியின் முகப்பே நிலைகுலைந்தது. 'ஒரு தெலுங்கு எழுத்து ஐபோனை முடக்குகிறது' என்பதே செய்திகளின் சாரம். கோவை 'ஜ்ஞா' என்பதால், ஞானத்தைக் குறிக்கும் அன்றாடச் சொல்லே ஆபத்தானது என்ற எண்ணமும் பரவியது.

உண்மை வேறு. முடக்கத்தை உண்டாக்கிய கோவையில் ஐந்து குறியீடுகள் இருந்தன: ஜகரம், விராமம், ஞகரம், கண்ணுக்குத் தெரியாத ஒரு தடைக்குறி, ஆகார உயிர்க்குறி. நான்காவதாக வரும் தடைக்குறி எழுத்துகள் ஒன்றோடொன்று கூடுவதைத் தடுப்பதற்காக ஒருங்குறியில் உள்ளது. 'சாஃப்ட்வேர்' போன்ற கடன்சொற்களில் மெய்கள் கூட்டெழுத்தாகிவிடாமல் இருக்கத் தெலுங்கர் அதனை விராமத்துக்குப் பின் இடுவதுண்டு. உயிர்க்குறிக்கு முன்னர் அதற்கு வழக்கமான பயன் ஏதும் இல்லை. அக்குறியை நீக்கிவிட்டால் முடக்கம் இல்லை. எனவே தெலுங்கர் நாள்தோறும் தட்டச்சிடும் ஞானச் சொல் எந்தக் கருவியையும் முடக்கவில்லை. செய்தி சுட்டிய குற்றவாளியும் உண்மையான குற்றவாளியும் வேறு வேறு.

அந்நாள்களில் மனிஷ் கோரேகாவ்கர் என்ற நிரலாளர் இக்கோவையைப் பகுப்பாய்ந்து எழுதினார். கோவையின் ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியே மாற்றிப் பார்த்தால் எது அவசியம், எது தற்செயல் என்பது புலப்படும். ஜகரத்துக்குப் பதிலாக வேறு மெய். ஞகரத்துக்குப் பதிலாக வேறு மெய். ஆகாரத்துக்குப் பதிலாக வேறு உயிர். தெலுங்குக்குப் பதிலாக வேறு எழுத்துமுறை. அவ்வாறு பார்த்தபோது வழு தெலுங்கோடு நிற்கவில்லை. வங்காளத்திலும் தேவநாகரியிலும் அதே அமைப்புடைய கோவைகள் அதே முடக்கத்தை உண்டாக்கின. ஒரு மெய், விராமம், முதல் மெய்யோடு பின்னொட்டாகச் சேரும் வகையைச் சார்ந்த மற்றொரு மெய், தடைக்குறி, உயிர்க்குறி என்ற பொது அமைப்பே, சில விதிவிலக்குகளோடு, காரணமாக நின்றது. ஆப்பிள் நிறுவனம் பிப்ரவரி 19 அன்று வெளியிட்ட ஐஓஎஸ் 11.2.6 பதிப்பில் வழு நீக்கப்பட்டது. எழுத்துகளை வரையும் 'கோர் டெக்ஸ்ட்' என்ற பகுதியில் நேர்ந்த நினைவகச் சிதைவு என்று அந்நிறுவனத்தின் பாதுகாப்புக் குறிப்பு அதனைப் பதிவு செய்தது.

மொழியியல் பயின்றவர் எவருக்கும் இந்த நடைமுறை புதிதன்று. ஒரு மொழியில் இரண்டு ஒலிகள் தனித்தனி ஒலியன்களா என்று அறிய, மற்ற அனைத்தும் ஒத்திருக்க ஓரிடத்தில் மட்டும் வேறுபடும் சொற்களைத் தேடுகிறோம். கலை, களை, கழை ஆகிய மூன்றிலும் முதலெழுத்தும் இறுதி ஐகாரமும் ஒன்றே. இடைமெய் மட்டுமே மாறுகிறது, பொருளும் மாறுகிறது. ஆகவே ல், ள், ழ் மூன்றும் தமிழில் வேறு வேறு ஒலியன்கள். குறைந்தபட்ச இணை என்று பாடநூல்கள் கூறும் இம்முறையின் வலிமை அதன் சிறுமையில்தான் உள்ளது. நீண்ட கதை ஒன்றைப் பதிவு செய்து, "இதில் எங்கோ லகரமும் ளகரமும் வேறுபடுகின்றன" என்று எழுதும் மாணவரின் கட்டுரையை எந்த வழிகாட்டியும் ஏற்கமாட்டார். ஆனால் அதே மாணவர் முந்நூறு பக்க ஆய்வேட்டின் திரைப்பிடிப்பை அனுப்பி, "இதில் எங்கோ எழுத்து உடைகிறது" என்று நிரலாளருக்கு எழுதும்போது அது முறைக்கேடு என்று எவரும் கண்டிப்பதில்லை.

சுருக்குதலைக் கணினியியலும் ஆய்வுப்பொருளாகவே கொண்டது. ஆண்டிரியாஸ் செல்லர், ரால்ஃப் ஹில்டபிராண்ட் ஆகியோர் 2002இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இத்துறையில் பெரிதும் அறியப்பட்டது. வலைப்பக்கம் ஒன்றை அச்சிட முயன்றபோது மொசில்லா உலாவி முடங்கியது. அதற்கு முன் பயனர் செய்த செயல்கள் 95. பக்கத்தின் நிரல் 896 வரிகள். உள்ளீட்டைப் பகுதி பகுதியாக நீக்கி, ஒவ்வொரு முறையும் வழு எஞ்சுகிறதா என்று சோதிக்கும் வழிமுறையை அவர்கள் தானியங்கியாக்கினர். 139 சோதனைகளில், 35 நிமிடங்களில், 95 செயல்கள் மூன்றாகவும், 896 வரிகள் ஒரே வரியாகவும் குறைந்தன. எஞ்சிய அந்த ஒரு வரியைப் பார்த்த நிரலாளருக்கு எங்கே தேட வேண்டும் என்பது உடனே விளங்கிவிடும். முழுப் பக்கத்தைப் பெற்றவரோ 896 வரிகளிலும் தேட வேண்டும்.

செருகுநிரல்களைப் பொறுத்தவரை இத்தேவை இன்னும் கூடுதலானது. செருகுநிரல் தனித்து இயங்குவதில்லை. வேறொரு மென்பொருளின் வீட்டில் குடியிருப்பது அது. வீட்டுக்காரர் ஒருவர், குடியிருப்பவர் வேறொருவர், அண்டையில் இருக்கும் பிற செருகுநிரல்கள் மேலும் சிலருடையவை. மேற்கோள் மேலாண்மைக்கு ஆய்வாளர்கள் பெரிதும் பயன்படுத்தும் சோட்டெரோவின் ஏழாம் பதிப்பு 2024 ஆகஸ்டில் வெளிவந்தபோது, ஆறாம் பதிப்புக்காக எழுதப்பட்ட செருகுநிரல்கள் புதுப்பிக்கப்படாமல் அதில் இயங்கவில்லை. அத்தகைய நேரத்தில் "சோட்டெரோ கெட்டுவிட்டது" என்று எழுதுவது, குடியிருப்பவரின் பூட்டு பழுதானதற்கு வீட்டுக்காரரைக் குறை கூறுவதாகும்.

இந்திய எழுத்துமுறைகளில் அடுக்குகள் மேலும் பல. விசைப்பலகை ஒரு குறியீட்டை இடுகிறது. மென்பொருள் அதனைச் சேமிக்கிறது. செருகுநிரல் அதனை எடுத்து மாற்றுகிறது. எழுத்துரு வடிவங்களைத் தருகிறது. எழுத்து வரையும் பொறி அவ்வடிவங்களைக் கூட்டி வரிசைப்படுத்துகிறது. ஃபயர்பாக்ஸ், குரோம், லிப்ரே ஆபிஸ் ஆகியவற்றில் இவ்வேலையை ஹார்ஃபஸ் செய்கிறது. ஆப்பிள் கருவிகளில் கோர் டெக்ஸ்ட் செய்கிறது. ஐந்து அடுக்குகளுள் எது பிழைத்தாலும் பயனர் கண்ணுக்குத் தெரிவது ஒன்றே: எழுத்து உடைந்திருக்கிறது. எந்த அடுக்கு என்பதைச் சொல்லவல்லது சுருக்குதல் மட்டுமே.

திருப்பதியில் எளிதில் நேரக்கூடிய ஒரு நிலையை எண்ணிப் பார்க்கலாம். 1954இல் தோன்றிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தின் வெளியீடுகளை மேற்கோள் நூலகத்தில் சேர்த்து வைத்திருக்கும் ஆய்வாளர் ஒருவர், இரட்டைப் பதிவுகளைக் கண்டறியும் செருகுநிரலை இயக்குகிறார் என்று கொள்வோம். ஒரே பல்கலைக்கழகம் இரண்டு பதிப்பாளர்களாகத் தோன்றுகிறது. கண்ணால் பார்த்தால் ஓர் எழுத்தும் மாறவில்லை. "இச்செருகுநிரல் தமிழை அறியாது" என்று அவர் எழுதிவிட்டால் உரையாடல் அங்கேயே முடிந்தது.

அவர் சுருக்கிப் பார்த்தால் வேறொன்று வெளிப்படும். 'ஸ்ரீ' என்பதை ஸகர மெய்யோடு ரீகாரத்தைச் சேர்த்து எழுதலாம். 'ஶ்ரீ' என்று ஶகர மெய்யோடும் சேர்த்து எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவில் தோன்றும். தமிழுக்கான ஶகரம் 2005இல், ஒருங்குறியின் 4.1ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது. அதற்கு முன் எழுதப்பட்டவை அனைத்தும் ஸகர வடிவில் இருந்தன. பின்னர் ஶகர வடிவே பொருத்தமானது என்று கொள்ளப்பட்டது. வழக்கில் இரண்டும் நிலைத்துவிட்டன. ஒருங்குறித் தரம் இவ்விரண்டையும் சமமானவை என்று கூறவில்லை. எனவே இரண்டையும் வேறுபடுத்திய செருகுநிரல் தரத்தின்படி தவறு செய்யவில்லை. ஆய்வாளர் எழுத வேண்டியது வழு அறிக்கை அன்று. தமிழுக்காக இவ்விரு வடிவங்களையும் ஒன்றாகக் கொள்ளும் வசதியைச் சேர்க்குமாறு கேட்கும் விண்ணப்பம்.

இதனோடு ஒப்பிடத்தக்க மற்றொன்று ஒகரக் குறி. 'கொடை' என்ற சொல்லில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேமிக்கலாம். எகரக் குறி, ஆகாரக் குறி என இரண்டாகப் பிரித்தும் சேமிக்கலாம். ஆப்பிளின் பழைய கோப்பு முறைமையான எச்எஃப்எஸ் பிளஸ், கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவில்தான் சேமித்தது. எனவே மேக் கணினியிலிருந்து வரும் கோப்பின் பெயரும் விண்டோஸ் கணினியில் தட்டச்சிடும் பெயரும் கண்ணுக்கு ஒன்றாகவும் கணினிக்கு இரண்டாகவும் இருக்க வாய்ப்புண்டு. ஆனால் இங்கே ஒருங்குறித் தரம் தெளிவானது: இரு வடிவங்களும் சமமானவை. அவற்றை வேறுபடுத்தும் செருகுநிரல் பிழை செய்கிறது. மேலோட்டமாக ஒன்றுபோல் தோன்றும் இரண்டு முறையீடுகளுள் ஒன்று விண்ணப்பம், மற்றொன்று வழு. இந்த வேறுபாட்டை நிரலாளரால் தாமாக அறிய இயலாது. தமிழ் எழுத்தை அறிந்தவரே சொல்ல வேண்டும்.

இரண்டாவது நேர்வுக்கான நல்ல அறிக்கை எவ்வாறு இருக்கும் என்பதை எடுத்துக்காட்டாக எழுதிப் பார்க்கலாம்.

"இயங்குதளம், மென்பொருள், செருகுநிரல் ஆகியவற்றின் பதிப்பு எண்கள் கீழே உள்ளன. புதிய வெற்று நூலகத்தில், பிற செருகுநிரல்கள் அனைத்தையும் நீக்கிய பின் சோதிக்கப்பட்டது.

செய்தவை: 1. புதிய பதிவு ஒன்றைச் சேர்த்து, தலைப்பில் 'கொடை' என்று ஒற்றைக் குறியீட்டு ஒகரக் குறியோடு இடப்பட்டது. 2. தேடல் பெட்டியில் அதே சொல் பிரித்த வடிவில் இடப்பட்டது.

எதிர்பார்த்தது: பதிவு கிடைக்க வேண்டும், இரு வடிவங்களும் ஒருங்குறித் தரப்படி சமமானவை.

நிகழ்ந்தது: பதிவு கிடைக்கவில்லை. செருகுநிரலை நிறுத்திவிட்டுத் தேடினால் கிடைக்கிறது.

கூடுதல் செய்தி: மேற்குறியுடைய பிரெஞ்சு எகரத்தை ஒற்றைக் குறியீடாகவும், எழுத்தும் மேற்குறியுமாகப் பிரித்தும் இட்டுப் பார்த்தபோதும் இதே விளைவு."

இவ்வறிக்கை ஒரு பக்கத்தைத் தாண்டாது. இதன் உயிர்நாடி கடைசி வரியில் உள்ளது. தமிழே அறியாத நிரலாளரும் பிரெஞ்சு எழுத்தை வைத்துச் சோதித்துவிடலாம். 'சிறுபான்மை எழுத்து ஒன்றின் சிக்கல்' என்று ஒதுக்கப்பட இருந்த ஒன்று, பாதி உலகின் சிக்கல் என்று நிறுவப்பட்டுவிடுகிறது. தெலுங்குக் கோவையின் வரலாறு வங்காளத்துக்கும் தேவநாகரிக்கும் விரிந்ததும் இவ்வாறே. சுருக்கப்பட்ட எடுத்துக்காட்டு தன்னிலும் பெரிய உண்மையைக் காட்டும்.

செயல்முறை கடினமானதன்று, பொறுமை வேண்டும். முதற்படி, செருகுநிரல்கள் அனைத்தையும் நிறுத்திவிட்டு வழு எஞ்சுகிறதா என்று பார்த்தல். லிப்ரே ஆபிஸின் பாதுகாப்பு முறையும் ஃபயர்பாக்ஸின் சிக்கல்தீர்ப்பு முறையும் இதற்காகவே உள்ளன. வழு மறைந்துவிட்டால், பாதியை மட்டும் இயக்கிப் பார்க்க வேண்டும். பதினாறு செருகுநிரல்களுள் ஒன்றே காரணம் என்றால், எட்டு, நான்கு, இரண்டு, ஒன்று எனப் பாதி பாதியாகக் குறைத்து நான்கு சோதனைகளில் அதை எட்டிவிடலாம். அடுத்து ஆவணத்தைக் குறைத்தல்: ஆய்வேட்டிலிருந்து ஓர் இயல், இயலிலிருந்து ஒரு பத்தி, பத்தியிலிருந்து ஒரு சொல். பின்னர் எழுத்துருவை மாற்றிப் பார்த்தல், எழுத்துமுறையை மாற்றிப் பார்த்தல், வேறொரு கணினியில் செய்து பார்த்தல். ஒவ்வொரு படியிலும் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை ஒருசேர மாற்றினால் எது காரணம் என்று தெரியாது. குறைந்தபட்ச இணையின் விதியும் இதுவே.

சுருக்கும்போது வழு மறைந்துவிட்டால் சோர்வடைய வேண்டியதில்லை. கடைசியாக நீக்கப்பட்ட பொருள் காரணத்தின் ஒரு பகுதி என்பது அப்போது தெரிந்துவிட்டது. இரண்டு செருகுநிரல்கள் உடன் இருந்தால் மட்டும் நேரும் வழு உண்டு. அங்கே மிகச் சிறிய அமைப்பு என்பது அவ்விரண்டும் சேர்ந்ததே. உரையை உரையாகவே அனுப்ப வேண்டும் என்பதும் முக்கியம். படத்திலிருந்து குறியீடுகளை எவரும் படிக்க இயலாது. படம் தேவைப்படும் இடம் ஒன்றுதான்: எழுத்து எவ்வாறு தோன்ற வேண்டும், எவ்வாறு தோன்றுகிறது என்பதை அம்மொழி அறியாதவருக்குக் காட்டும்போது.

இனி, மறுப்புரையின் நியாயமான பாதி. ஆய்வேட்டை ஒப்படைக்க மூன்று வாரமே உள்ள மாணவரிடம், "புதிய நூலகத்தில் செய்து பார்த்துவிட்டு வாருங்கள்" என்று கூறுவது கடுமையானது. அறிக்கை ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்ற எழுதப்படாத விதியும் தமிழ், தெலுங்கு வழிப் பயின்றோரைத் தொடக்கத்திலேயே வெளியே நிறுத்துகிறது. "மறுபடி நிகழ்த்த இயலவில்லை" என்ற ஒற்றை வரியோடு மூடப்படும் முறையீடுகளுள் நம் எழுத்துகள் தொடர்பானவை பல அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாமலேயே மூடப்பட்டிருக்கக்கூடும். பெருநிறுவனங்களின் மென்பொருளைப் பொறுத்தவரை இந்த எதிர்ப்பு முற்றிலும் சரி. சோதனையாளர்களுக்கு ஊதியம் தரும் வலிமையுள்ள நிறுவனம், தன் பயனரைச் சோதனையாளராக்குவது முறையன்று.

ஆனால் ஆய்வாளர்கள் நம்பியிருக்கும் செருகுநிரல்களுள் கணிசமானவை, தனியொருவரோ இருவரோ ஓய்வு நேரத்தில் எழுதி இலவசமாக வழங்குபவை. அவர்கள் தமிழும் தெலுங்கும் அறியாதிருப்பது குற்றமன்று. அவர்களிடம் இல்லாத அறிவு மொழித்துறைகளிடம் உள்ளது. மொழித்துறைகளிடம் இல்லாத நிரலறிவு அவர்களிடம் உள்ளது. இவ்விரண்டுக்கும் இடையில் பாலமாக அமைவது சுருக்கப்பட்ட எடுத்துக்காட்டு ஒன்றே. பாலத்தைக் கட்டும் சுமை நெருக்கடியில் இருக்கும் தனி மாணவரின் தோளில் விழுவதுதான் அநீதி. அதற்குத் தீர்வு சுமையைத் துறையின் பொதுப்பணியாக்குவது.

சித்தூர், திருப்பதிப் பகுதி இதற்கு ஏன் ஏற்றது என்பதற்கு விரிவான விளக்கம் வேண்டியதில்லை. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்த பின்னும், கல்வி வரைபடத்தில் இரண்டும் ஒரே நிலப்பரப்பே. திருப்பதியில் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம், மகளிர்க்கான ஸ்ரீ பத்மாவதி பல்கலைக்கழகம், தேசிய சமற்கிருதப் பல்கலைக்கழகம், 2015இல் தொடங்கிய இந்தியத் தொழில்நுட்பக் கழகம் ஆகியவை உள்ளன. சித்தூர் மாவட்டத்தின் குப்பத்தில், திராவிட மொழிகளுக்கென்றே 1997இல் நிறுவப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகம் உள்ளது. எல்லையோர ஊர்களில் தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டில் புழங்குகின்றன. திருமலைக் கோயில் கல்வெட்டுகளுள் பெரும்பகுதி தமிழில் அமைந்தவை. தேவஸ்தானம் 1930களிலேயே அவற்றைத் தொகுதிகளாக வெளியிட்டது. அக்கல்வெட்டுகளை ஆய்பவரின் ஆவணம் ஒன்றில் தமிழ், கிரந்தம், தெலுங்கு, தேவநாகரி, ரோமன் ஆகிய ஐந்து எழுத்துமுறைகளும் இடம்பெறக்கூடும். இவற்றுள் கிரந்தம் ஒருங்குறியில் இடம்பெற்றதே 2014இல்தான். செருகுநிரல் ஒன்று எங்கே முறியும் என்று அறிய விரும்புவோர்க்கு இதைவிடக் கடுமையான சோதனைக்களம் எளிதில் கிடைக்காது.

கல்வெட்டியலாரின் மரபும் இங்கே வழிகாட்டும். கல்வெட்டைக் கண்டேன் என்று கூறுவது அத்துறையில் சான்றாகாது. எந்தக் கோயில், எந்தச் சுவர், எத்தனையாவது வரி என்று குறித்து, மைப்படி எடுத்து, பிறர் அதே வரியை மீண்டும் படித்துச் சரிபார்க்க வழி செய்வதே சான்று. வழு அறிக்கையும் மைப்படி போன்றதே. அறிவித்தவர் சொல்லை நம்ப வேண்டிய தேவையைப் போக்கி, எவரும் மீண்டும் பார்க்கக்கூடியதாக்குவதே அதன் பணி.

நிறுவன அளவில் செய்யத்தக்கது எளியது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு முனைவர்பட்ட விதிமுறைகளின்படி ஆய்வாளர் ஒவ்வொருவரும் குறைந்தது 12 மதிப்பலகுக்குப் பாடப்பணி முடிக்க வேண்டும். ஆய்வு நெறிமுறையியல் தாளில் ஓர் அலகை இப்பயிற்சிக்கு ஒதுக்கினால் போதும். மாணவர் ஒருவர் ஒரு பருவத்தில் ஒரே ஒரு வழுவை எடுத்துக்கொள்ளட்டும். அது தம்முடையதாகவோ வேறு துறையினர் முறையிட்டதாகவோ இருக்கலாம். அதனை மிகச் சிறிய வடிவுக்குச் சுருக்கட்டும். மற்றொரு மாணவர் வேறொரு கணினியில் அதனை மீண்டும் நிகழ்த்திக் காட்டட்டும். நிகழ்ந்தால் மதிப்பெண், நிகழாவிட்டால் மீண்டும் முயற்சி. ஆங்கிலத்தில் எழுதத் தயங்குபவர் தமிழிலோ தெலுங்கிலோ எழுதட்டும். மொழிபெயர்ப்பைத் துறை செய்யட்டும். மொழிபெயர்ப்புக் கல்வி இருக்கும் துறைகளில் இதுவே மற்றொரு பயிற்சியாகவும் அமையும்.

இப்பயிற்சிக்கு ஆய்வறம் சார்ந்த காரணமும் உண்டு. களப்பணியில் தகவலாளர்களின் பெயர், ஊர், சாதி, குடும்பச் செய்தி, குரல் ஆகியவை ஆய்வாளரின் கணினியில் சேர்கின்றன. வழு நேர்ந்த பதற்றத்தில் முழு ஆவணத்தையோ முழு நூலகத்தையோ அறியாத ஒருவருக்கு அனுப்பிவிடுவது, தகவலாளர் தந்த ஒப்புதலை மீறுவதாகும். அவ்வொப்புதல் ஆய்வுக்காகத் தரப்பட்டது. மென்பொருள் பழுதுபார்ப்புக்காக அன்று. ஒரு சொல்லாகச் சுருக்கப்பட்ட எடுத்துக்காட்டில் எவர் வீட்டுச் செய்தியும் இருக்காது. அனைத்தையும் நீக்கிவிட்டு வழுவை மட்டும் அனுப்பும் இம்முறை நிரலாளரின் நேரத்தையும் காக்கிறது, தகவலாளரின் தனிமையையும் காக்கிறது.

ஒரு மொழி கணினியில் வாழ்வதற்கு எழுத்துருவும் விசைப்பலகையும் மட்டும் போதா. நாள்தோறும் நேரும் சிறு முறிவுகளை அறிந்து, பிரித்து, உரியவரிடம் உரிய வடிவில் சேர்க்கும் மனிதர்களும் வேண்டும். ஆங்கிலத்துக்கு அத்தகையோர் இலட்சக்கணக்கில் இருப்பதால் அப்பணி கண்ணுக்குத் தெரிவதில்லை. தமிழுக்கும் தெலுங்குக்கும் அவர்கள் குறைவு. "ஒத்துவரவில்லை" என்ற முறையீடு எத்தனை முறை ஒலித்தாலும் அக்குறை நீங்காது. இவ்வட்டாரத்தின் மொழித்துறை ஒன்று வரும் பருவத்தில் ஐந்து மாணவரைக் கொண்டு ஐந்து வழுக்களைச் சுருக்கி அனுப்பத் தொடங்கினால், நிரலாளர் செயல்படுவதற்கு உரிய ஐந்து சான்றுகளாவது அவர்கள் கையில் இருக்கும். இத்திட்டத்தில் உள்ள குறைகளையும், வேறு பல்கலைக்கழகங்களில் இதுபோன்ற முயற்சி நடந்திருந்தால் அதன் விவரத்தையும் துறைசார்ந்தோர் கீழே பதிவு செய்தால் விவாதம் பயனுடையதாகும்.